ஒன்பதும் பத்தும் கூடும் இடம்

இந்திய ஜோதிட மரபில் ஒருவருடைய தொழிலையும் பதவியையும் அறியப் பத்தாம் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது அத்துறையை மேலோட்டமாக அறிந்தவர்களுக்கும் தெரிந்த செய்தி. பிறந்த நேரத்தில் கீழ்வானில் உதித்துக்கொண்டிருக்கும் ராசி லக்னம் எனப்படுகிறது. அதை ஒன்றாகக் கொண்டு எண்ணிவரப் பத்தாவதாக அமையும் ராசி கர்ம ஸ்தானம், அதாவது ஒருவர் உலகில் ஆற்றும் வினையையும் அவ்வினையால் அவர் அடையும் நிலையையும் குறிக்கும் இடம். ஆனால் அதிகாரம் பற்றிய கேள்வியை ஜோதிட நூல்கள் இந்த ஓர் இடத்தோடு முடித்துவிடவில்லை என்பது போதிய அளவு கவனிக்கப்படுவதில்லை. பராசரர் பெயரால் வழங்கும் பெருநூலும், அம்மரபின் சுருக்கமாகப் பயிலப்படும் லகு பாராசரியும், பத்தாம் இடத்துக்கு உரிய கிரகம் ஒன்பதாம் இடத்துக்கு உரிய கிரகத்தோடு உறவு கொள்ளும் நிலையையே அரச யோகங்களுள் முதன்மையானதாக வைக்கின்றன. ஒன்பதாம் இடம் தர்மத்துக்கும் பத்தாம் இடம் கர்மத்துக்கும் உரியவை ஆதலால், இவ்விரண்டின் அதிபதிகள் கூடுவது தர்ம கர்மாதிபதி யோகம் என்று பெயர் பெற்றது.

இந்த யோகத்தின் பின்னே ஒரு கோட்பாடு நிற்கிறது. லக்னத்திலிருந்து 1, 4, 7, 10 ஆகிய இடங்கள் கேந்திரங்கள் எனவும், 1, 5, 9 ஆகியவை திரிகோணங்கள் எனவும் பெயர் பெறும். கேந்திரங்களை விஷ்ணு ஸ்தானங்கள் என்றும் திரிகோணங்களை லட்சுமி ஸ்தானங்கள் என்றும் பராசர மரபு கூறும். முன்னவை செயலுக்கும் முயற்சிக்கும் உரியவை, பின்னவை பேற்றுக்கும் அருளுக்கும் உரியவை. கேந்திரங்களுள் வலிமை மிக்கது பத்து, திரிகோணங்களுள் வலிமை மிக்கது ஒன்பது. இவ்விரண்டின் அதிபதிகள் ஒரே ராசியில் கூடலாம், ஒருவர் வீட்டில் மற்றவர் மாறி அமரலாம், ஒருவரையொருவர் பார்க்கலாம். இவை எல்லாம் சம்பந்தங்களே எனினும், கட்டத்தில் கண்ணுக்கு உடனே புலப்படுவதும் ஜாதகம் பார்க்க வருபவர் முதலில் விரல் வைத்துக் கேட்பதும் ஒரே கட்டத்தில் அமைந்த சேர்க்கையைத்தான்.

ஒன்பதாம் இடம் தந்தை, குரு, முன்செய்த புண்ணியம், பாக்கியம் ஆகியவற்றையும் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே ஒருவர் தம் கையால் செய்வது பத்திலும், தமக்கு முன்னிருந்தவர்களிடமிருந்தும் அறத்திடமிருந்தும் பெற்றது ஒன்பதிலும் நிற்கின்றன. உழைப்பும் திறமையும் மட்டும் வலுத்த ஜாதகத்தில் தொழில் உண்டு, வருவாயும் உண்டு. ஆனால் பிறர் மனம் ஒப்பித் தலைவணங்கும் அதிகாரத்துக்கு அது போதாது என்பதே இந்த அமைப்பு சொல்லும் கருத்து. வருங்காலத்தை அறியும் கருவியாக ஜோதிடத்தை ஏற்காதவர்கள்கூட, அதிகாரம் எதிலிருந்து தகுதி பெறுகிறது என்னும் கேள்விக்கு ஒரு பழைய மரபு தந்த விடை என்ற முறையில் இதைப் பொருட்படுத்த இடமுண்டு. இக்கட்டுரையின் நோக்கும் அதுவே: தர்ம கர்மாதிபதி யோகம் முன்னறிவிப்பு என்ற வகையில் மிகவும் பலவீனமானது, அதிகாரம் பற்றிய சிந்தனை என்ற வகையில் ஆழமானது, இன்றைய வழக்கு இவ்விரண்டையும் தலைகீழாக மாற்றி வைத்திருக்கிறது.

இதைக் காட்ட, சேர்க்கைக்குத் தனியே ஒரு பலன் இல்லை என்பதிலிருந்து தொடங்கலாம். சூரியனும் புதனும் ஒரே ராசியில் இருப்பது புதாதித்ய யோகம் என்று பெரிதும் போற்றப்படுகிறது. கூர்மதியும் புகழும் நிர்வாகத் திறனும் அதன் பலன்களாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் பூமியிலிருந்து பார்க்கையில் புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் ஒருபோதும் விலகுவதில்லை. ஒரு ராசியின் நீளம் 30 பாகை. எனவே பிறப்போரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இவ்விரண்டும் ஒரே ராசியில்தான் அமையும். மக்களில் பாதிப்பேருக்கு வாய்க்கும் ஒன்றை அரிய பேறாகச் சொல்வதில் பொருளில்லை என்பது ஒருபுறமிருக்க, அந்தப் பாதியிலும் பலருக்குப் புதன் சூரியனுக்கு 14 பாகைக்குள் நெருங்கி அஸ்தங்கம் அடைந்திருக்கும். சூரிய ஒளியில் மறைந்து வலுவிழப்பதே அஸ்தங்கம். பஞ்சாங்கக்காரர்கள் குரு, சுக்கிரன் வகையில் மூடம் என்று சொல்வதும் இதுவே.

இதே சூரிய புதன் சேர்க்கை தனுசு லக்னத்தில் பிறந்தவருக்கு வேறொன்றாக மாறிவிடுகிறது. தனுசுக்கு ஒன்பதாவது சிம்மம், அதன் அதிபதி சூரியன். பத்தாவது கன்னி, அதன் அதிபதி புதன். மற்ற லக்னத்தாருக்குச் சராசரியான அறிவு யோகமாக நிற்பது இவர்களுக்கு மட்டும் தர்ம கர்மாதிபதி யோகம் ஆகிறது. கிரகங்கள் மாறவில்லை, பாகை மாறவில்லை. கீழ்வானில் எந்த ராசி உதித்தது என்பது மட்டுமே மாறியது. ஒரே ஊரில் ஒரே நாளில் இரண்டு மணி நேர இடைவெளியில் பிறந்த இரு குழந்தைகளில் ஒன்றுக்கு அரச யோகமும் மற்றொன்றுக்கு வெறும் சேர்க்கையும் வாய்ப்பது இவ்வாறுதான்.

விருச்சிக லக்னத்தின் நிலை இன்னும் நுட்பமானது. அதற்கு ஒன்பதாவது கடகம், அதிபதி சந்திரன்; பத்தாவது சிம்மம், அதிபதி சூரியன். இவ்விருவரையும் யோககாரகர்கள், அதாவது யோகத்தைத் தரவல்லவர்கள் என்று பராசர நூல் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. ஆனால் சூரியனும் சந்திரனும் ஒரே இடத்தில் கூடுவதற்குப் பெயர் அமாவாசை. அன்று சந்திரனுக்கு ஒளி இல்லை, ஒளியற்ற சந்திரன் பலம் குன்றியது என்பதும் அதே சாஸ்திரத்தின் விதி. தர்மத்தின் அதிபதி கர்மத்தின் அதிபதியை எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு தன் ஒளியை இழக்கிறது; எதிர்த் திசையில் நின்று பார்க்கும் பௌர்ணமியிலோ இருவருக்கும் சம்பந்தமும் உண்டு, சந்திரனுக்கு முழு ஒளியும் உண்டு. அரசனோடு ஒட்டி நிற்கும் அறம் மங்கும், விலகி எதிரில் நிற்கும் அறமே ஒளிவிடும் என்று எந்த உரைகாரரும் எழுதிவிடவில்லை. எனினும் விதிகள் இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு அந்த எண்ணம் எழாமல் இருப்பது அரிது.

மேஷ லக்னமே இந்த ஆய்வில் மிகவும் கருதத்தக்கது. மேஷத்துக்கு ஒன்பதாம் அதிபதி குரு, பத்தாம் அதிபதி சனி. குரு அறத்துக்கும் ஞானத்துக்கும் உரியவர், சனி உழைப்புக்கும் ஒழுங்குக்கும் பொறுமைக்கும் உரியவர். தர்மமும் கர்மமும் கூடுவதற்கு இதைவிடப் பொருத்தமான இணையைக் கற்பனை செய்வது கடினம். அப்படியிருந்தும் பராசர நூல் இங்கேதான் தயங்குகிறது: மேஷ லக்னத்தாருக்குக் குருவும் சனியும் சேர்ந்திருப்பதால் மட்டுமே நற்பலன் விளைந்துவிடாது என்று அது தனியே எடுத்துச் சொல்கிறது. காரணம், குருவுக்குத் தனுசு மட்டுமன்றி மீனமும் சொந்த வீடு, அது மேஷத்துக்குப் பன்னிரண்டாவதான விரய ஸ்தானம்; சனிக்கு மகரத்தோடு கும்பமும் உரியது, அது பதினொன்றாவது இடம். சர ராசியாகிய மேஷத்துக்குப் பதினொன்று பாதக ஸ்தானம் என்ற கருத்தும் வழக்கில் உண்டு. அறத்தின் தலைவரே இழப்புக்கும் தலைவர், வினையின் தலைவரே ஆதாயத்துக்கும் தலைவர் என்றாகும்போது, இருவரும் கூடிய இடத்தில் எது மேலோங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மிதுன லக்னத்துக்கும் இவ்விருவரே ஒன்பது, பத்தின் அதிபதிகள், இடம் மட்டும் மாறியவர்கள். அங்கும் பலன் மேஷத்தைப் போன்றதே என்று நூல் முடித்துவிடுகிறது. யோகத்தை வகுத்த நூலே அதற்கு இவ்வாறு வரம்பு கட்டியிருக்க, விளம்பரப் பலகைகளில் அந்த வரம்பு மட்டும் காணாமற்போவது வியப்புக்குரியது அன்று.

அதிகாரத்தோடு இணைத்து இன்று மிகுதியாகப் பேசப்படும் மற்றொரு சேர்க்கை சூரியனும் சனியும் கூடுவது. சூரியன் அரசன், சனி தொழிலாளி. புராணப்படி சாயாதேவியிடம் சூரியனுக்குப் பிறந்த மகன் சனி, ஆயினும் இருவரும் பகைவர். சூரியன் மேஷத்தில் உச்சமும் துலாத்தில் நீசமும் அடைய, சனி துலாத்தில் உச்சமும் மேஷத்தில் நீசமும் அடைகிறது. ஒருவர் மேலெழும் இடம் மற்றவர் தாழும் இடம். இந்த அமைப்பிலிருந்து, இச்சேர்க்கை உள்ளவர்களுக்கு மேலதிகாரிகளோடு பிணக்கு, அரசாங்க வேலையில் தாமதம், தந்தையோடு மனவேறுபாடு என்னும் பலன்கள் இக்காலத்தில் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் தம் பிருகத் ஜாதகத்தில் இரண்டு கிரகங்களின் சேர்க்கைக்கெனத் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். அதில் சூரியனும் சனியும் கூடியவருக்கு அவர் சொல்லும் பலன் உலோகங்களை அறிந்தவர், பாத்திர வகைகளில் தேர்ந்தவர் என்பதே. பிணக்கும் இல்லை, தாமதமும் இல்லை. ஒரு கைவினை மட்டும் இருக்கிறது. சூரியனும் சந்திரனும் கூடினால் இயந்திரங்களும் கல்வேலையும், சூரியனும் சுக்கிரனும் கூடினால் அரங்கத்தாலும் ஆயுதத்தாலும் வரும் பொருள் என்று அவருடைய பட்டியல் பட்டறைகளையும் கடைவீதிகளையும் சுற்றியே வருகிறது. தொழிலுக்கென அவர் எழுதிய கர்மாஜீவ அதிகாரத்திலும், பத்தாம் அதிபதி நிற்கும் நவாம்சத்தின் தலைவரைக் கொண்டு, சூரியன் எனில் புல், பொன், கம்பளி, மருந்து என்றும், புதன் எனில் எழுத்து, கணக்கு, கவிதை, சிற்பம் என்றும் பிழைப்புக்கான வழிகள் கூறப்படுகின்றன. ஒரு ராசியை ஒன்பது கூறிட்டால் கிடைக்கும் 3 பாகை 20 கலை கொண்ட பகுதியே நவாம்சம். மாதச் சம்பளமும் பதவி உயர்வும் இடமாற்றமும் அறியாத உலகத்தின் நூல் அது. அதே கிரகங்களுக்கு இன்றைய அலுவலகத்தின் கவலைகள் ஏற்றப்பட்டது பின்னாளில் நடந்த மாற்றம். கிரகங்கள் சொன்னவை அல்ல, கேட்க வந்தவர்கள் கொண்டுவந்தவை.

வராகமிகிரர் அரச யோகங்களைப் பேசும்போது இன்னொரு வரம்பையும் வைக்கிறார். சில யோகங்களில் எளிய குடியில் பிறந்தவரும் அரசராவர் என்றும், வேறு சிலவற்றில் அரச குலத்தில் பிறந்தவரே அரசராவர், மற்றவர்கள் செல்வராவதோடு சரி என்றும் அவர் பிரிக்கிறார். அதாவது ஜாதகம் ஒரு சமூகத்துக்குள் வைத்தே படிக்கப்பட்டது. தேசம், காலம், பிறந்த குடி ஆகியவை முதலில் வந்தன, யோகம் அவற்றுக்குள் நின்று வேலை செய்தது. பிறப்பால் வரும் உரிமையை ஜாதகத்தின் பேரால் உறுதிப்படுத்துவது இது என்று குறை கூறலாம், அக்குறை நியாயமானதே. ஆயினும் சேர்க்கை எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நம்பும் இன்றைய வழக்கைவிட அந்தப் பழைய எச்சரிக்கையில் உலக அறிவு கூடுதலாக இருக்கிறது.

யோகம் இருந்தாலும் அது பலிக்கும் காலம் வேறொரு கணக்கைப் பொறுத்தது. விம்சோத்தரி தசை முறையில் மனித வாழ்வு 120 ஆண்டுகளாகக் கொள்ளப்பட்டு, ஒன்பது கிரகங்களுக்கும் பங்கிடப்படுகிறது. பிறந்த நட்சத்திரம் எந்தக் கிரகத்துக்கு உரியதோ அதன் தசையில் வாழ்வு தொடங்கும். கடக லக்னத்தில் பூச நட்சத்திரத்தின் தொடக்கத்தில் பிறந்த ஒருவருக்கு, ஒன்பதாம் அதிபதி குருவும் பத்தாம் அதிபதி செவ்வாயும் மிகச் சிறப்பாகக் கூடியிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். பூசம் சனிக்கு உரியது. சனி தசை 19 ஆண்டுகள், பிறகு புதன் 17, கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10. இவை முடியும்போது அவருக்கு வயது 79. அதற்குப் பிறகே செவ்வாய் தசை தொடங்கும். குரு தசை வருவதற்கோ அவர் நூற்று நான்கைத் தாண்ட வேண்டும். இடையிடையே பிற தசைகளுக்குள் வரும் குரு, செவ்வாய் புக்திகளில் சிறிது பலன் உண்டு என்று ஜோதிடர் ஆறுதல் கூறலாம். ஆனால் யோகத்தைத் தாங்கிப் பிறந்தும் அதன் முழுக்காலத்தைக் காணாமலே போகும் வாழ்வுகள் இந்தக் கணக்கின்படியே ஏராளம்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான ஒரு கேள்வி உண்டு: இரண்டு கிரகங்கள் சேர்ந்திருக்கின்றன என்பதை யார் முடிவு செய்வது? 2020 டிசம்பர் 21 அன்று மாலை மேற்கு வானில் குருவும் சனியும் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில் நின்றதை உலகெங்கும் மக்கள் வெறுங்கண்ணால் பார்த்தார்கள். முழுநிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கே அந்த இடைவெளி. திருக்கணிதப் பஞ்சாங்கத்தின்படி இருவரும் அன்று மகரத்தில் இருந்தனர். ஆனால் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவும் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி, குரு நவம்பர் நடுவிலேயே மகரத்துக்கு வந்துவிட, சனி டிசம்பர் 27 அன்றுதான் தனுசைவிட்டு மகரத்துக்குப் பெயர்ந்தது. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழாவும் அந்நாளிலேயே நடந்தது. ஆகவே கண்ணெதிரே இரண்டும் ஒன்றாகத் தோன்றிய மாலையில், வாக்கியக் கணக்கின்படி அவை வேறு வேறு ராசிகளில் இருந்தன. அன்று மேஷ லக்னத்தில் பிறந்த குழந்தைக்குத் தர்ம கர்மாதிபதிகள் கூடினரா இல்லையா என்பது, பெற்றோர் எந்தப் பஞ்சாங்கக்காரரிடம் ஜாதகம் கணித்தனர் என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது. பழைய வாய்பாடுகளை அப்படியே காப்பதா, வானத்தைப் பார்த்துத் திருத்துவதா என்னும் அந்த வழக்கு நெடுநாளாகத் தீராமல் இருக்கிறது. வானத்தைப் பற்றிய சாஸ்திரம் என்பதால் வானத்தின் சாட்சியமே மேல் என்று கொள்வதுதான் முறை.

திருக்கணிதத்தையே ஏற்றாலும் சிக்கல் தீர்வதில்லை. சூரியனும் சந்திரனும் நீங்கலாக இரண்டு கிரகங்கள் ஒரு பாகைக்குள் நெருங்கினால் அது கிரக யுத்தம் எனப்படும்; அப்போது ஒன்று வென்றதாகவும் மற்றொன்று தோற்றதாகவும் கொள்ள வேண்டும், வென்றது வடக்கே நிற்பதா ஒளி மிக்கதா என்பதில் நூல்களுக்குள் ஒற்றுமை இல்லை. அளவோடு கூடினால் உறவு, அளவு மீறி நெருங்கினால் போர். அன்றைய நெருக்கம் தெளிவாகவே போர். அதற்கு மேல், குரு மகரத்தில் நீசம். சனி அங்கே ஆட்சி, அதாவது சொந்த வீட்டில் இருப்பது. நீசம் பெற்ற கிரகத்தின் வீட்டுக்குரியவர் உடன் இருப்பதால் நீசம் நீங்கி அரச யோகமே உண்டாகும் என்று ஒரு சாரார் வாதிடலாம். இப்படி ஒரே கட்டத்தில் யோகம், போர், நீசம், நீச பங்கம் ஆகிய நான்கும் ஒருங்கே நிற்கும்போது, எந்தப் பலன் நிகழ்ந்தாலும் அதற்கு முன்பே ஒரு விதி தயாராக இருக்கும்.

எண்ணிக்கையையும் ஒருமுறை கருதிப் பார்க்கலாம். திருக்கணிதப்படி 2020 நவம்பர் 20 முதல் 2021 ஏப்ரல் தொடக்கம் வரை குருவும் சனியும் மகரத்தில் சேர்ந்திருந்தனர். இந்தியாவில் ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறக்கின்றன, லக்னம் பன்னிரண்டு. அந்த நான்கரை மாதங்களில் மேஷ லக்னத்தில், பத்தாம் இடத்திலேயே தர்ம கர்மாதிபதிகள் கூடிப் பிறந்த குழந்தைகள் இந்நாட்டில் மட்டும் ஆறு லட்சம் அளவில் இருப்பார்கள். அவ்வளவு பேருக்கு அரச பதவி தர எந்த நாட்டிலும் இடமில்லை.

மறுதலையாக, பதவியின் உச்சத்தை அடைந்தவர்களிடம் இந்தச் சேர்க்கை இருந்ததா என்றும் கேட்க வேண்டும். 1889 நவம்பர் 14 அன்று பிறந்த ஜவஹர்லால் நேருவுக்கும், 1917 நவம்பர் 19 அன்று பிறந்த இந்திரா காந்திக்கும் ஜோதிட ஏடுகள் பரவலாக வெளியிட்டுள்ள ஜாதகங்களில் லக்னம் கடகமே. எனவே இருவருக்கும் தர்மாதிபதி குரு, கர்மாதிபதி செவ்வாய். நேருவின் ஜாதகத்தில் குரு தனுசிலும் செவ்வாய் கன்னியிலும் உள்ளன; கன்னியிலிருந்து செவ்வாய் தன் நான்காம் பார்வையால் குருவைப் பார்ப்பது மட்டுமே அங்குள்ள உறவு. இந்திராவின் ஜாதகத்தில் குரு ரிஷபத்திலும் செவ்வாய் சிம்மத்திலும் உள்ளன. சேர்க்கையும் இல்லை, பார்வையும் இல்லை. நாட்டின் பிரதமர்களாக நீண்ட காலம் இருந்த தந்தைக்கும் மகளுக்கும் இந்த யோகம் சேர்க்கை வடிவில் வாய்க்கவில்லை. ஜோதிடர்களிடம் இதற்கு விடை உண்டு: இந்திராவின் ஜாதகத்தில் சந்திரனும் சனியும், சூரியனும் செவ்வாயும், குருவும் சுக்கிரனும் தத்தம் வீடுகளை மாற்றிக்கொண்டு மூன்று பரிவர்த்தனைகளாக நிற்பதை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அந்த அமைப்பு அரிது என்பது உண்மைதான். ஆனால் அது அவர் பிரதமரான பிறகு விளக்கமாக வந்தது. பதவி முதலில், யோகம் அடுத்து என்னும் இந்த வரிசையில்தான் தலைவர்களின் ஜாதக ஆய்வுகள் பெரும்பாலும் எழுதப்படுகின்றன.

பல கிரகங்கள் ஒருங்கே கூடும் நிலையைப் பற்றியும் நூல்கள் எதிர்பாராத ஒன்றைச் சொல்கின்றன. இரண்டு கூடினால் பதவி என்றால் நான்கு, ஐந்து கூடினால் பேரரசு என்று பாமரக் கணக்கு எதிர்பார்க்கும். வராகமிகிரரோ வலிமை பெற்ற நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கிரகங்கள் ஓரிடத்தில் கூடினால் துறவு என்கிறார். அவற்றுள் மிக வலியது எதுவோ அதற்கேற்பச் செவ்வாய்க்குச் சாக்கியர், புதனுக்கு ஆசீவகர், சனிக்கு நிர்கிரந்தர் என்று துறவிகளையும் வகைப்படுத்துகிறார். மணிமேகலையிலும் நீலகேசியிலும் வாதிடக் காணும் அதே ஆசீவகர்கள் ஒரு ஜோதிட நூலின் பட்டியலில் இடம்பெறுவது, அந்நூல் எழுந்த காலத்தில் துறவு எவ்வளவு கண்கூடான ஒரு வாழ்வுமுறையாக இருந்தது என்பதற்குச் சான்று. கூடிய கிரகங்கள் சூரிய ஒளியில் மறைந்தவையாயின், அவர் துறவு பூணாமல் துறவிகளிடம் பக்தியோடு மட்டும் நிற்பார் என்ற திருத்தமும் அங்கே உண்டு. 1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை சூரியன் முதல் சனி வரை ஏழும் கேதுவும் ஆக எட்டுக் கிரகங்கள் மகரத்தில் கூடியபோது, உலகம் அழியும் என்னும் அச்சத்தில் இந்தியா முழுவதும் யாகங்கள் நடந்தன. உலகம் அழியவில்லை. அதே மாதம் நடந்த பொதுத்தேர்தலில் ஆட்சியும் மாறவில்லை. மத்தியில் நேருவும் சென்னை மாநிலத்தில் காமராசரும் தொடர்ந்தனர்.

கிரகங்கள் பலனைச் செய்கின்றனவா, அல்லது முன்பே விளைந்ததைக் காட்டுகின்றனவா என்பது இந்த இடத்தில் எழும் தத்துவக் கேள்வி. முற்பிறவியில் ஈட்டிய வினை கனிந்துவரும் முறையை இந்தச் சாஸ்திரம் வெளிப்படுத்துகிறது என்பதே வராகமிகிரரின் நிலைப்பாடு. கிரகம் வினையின் அறிகுறியே ஒழிய வினையைச் செய்வதன்று. இதை ஏற்றால் கிரகங்களுக்கு அஞ்சுவதற்குக் காரணமில்லை. ஆனால் வேறோர் இடர் தலைதூக்குகிறது. அதிகாரத்தில் இருப்பவர் எவரானாலும் அவர் முன்செய்த நல்வினையால்தான் அங்கே இருக்கிறார், அவரிடம் சிக்கித் துன்புறுபவரும் தம் வினையால்தான் துன்புறுகிறார் என்று முடிந்துவிடும். கொடுங்கோலனுக்கும் ஒன்பதாம் இடம் வலுத்திருக்கும் என்று வாதிட வேண்டியதாகும். தர்மத்தைக் கர்மத்தோடு சேர்த்து வைத்த அமைப்பையே இந்தப் படிப்பு வெறுமையாக்கிவிடுகிறது.

அறநூல்கள் இந்த முடிவை ஏற்றதில்லை. யாக்ஞவல்கிய ஸ்மிருதி அரச தர்மத்தைப் பேசும் பகுதியிலேயே தெய்வச் செயலையும் மனித முயற்சியையும் ஒருங்கே வைத்து, ஒற்றைச் சக்கரத்தால் தேர் ஓடாது என்னும் உவமையால் இரண்டும் வேண்டும் என்கிறது. அரசனுக்குச் சொல்லும் இடத்தில் அது சொல்லப்பட்டது என்பதே முக்கியம். தன் பதவியை ஊழின் பரிசாக மட்டும் கருதும் ஆட்சியாளனிடம் பொறுப்பை எதிர்பார்க்க முடியாது. திருக்குறளில் ஊழ் அதிகாரம் 38ஆவதாகவும் ஆள்வினையுடைமை 62ஆவதாகவும் நிற்க, ஒன்று ஊழை வெல்ல முடியாதது என்று காட்ட, மற்றொன்று தளராத முயற்சிக்கு முன் அதுவே பின்வாங்கும் என்று காட்டுகிறது. இவற்றுள் இரண்டாவது, அரசியல் என்னும் இயலுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. ஆளப்போகிறவனிடம் ஊழைவிட முயற்சியையே வலியுறுத்த வேண்டும் என்பதில் வடநூலும் தென்னூலும் உடன்படுகின்றன.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால், தர்ம கர்மாதிபதி யோகத்தை ஒருவருக்கு உள்ள உரிமையாகப் படிப்பதைவிட, பதவிக்கு விதிக்கப்பட்ட நிபந்தனையாகப் படிப்பதே அதன் அமைப்போடு பொருந்துகிறது. பத்தாம் இடத்தில் அமர்ந்தவர் ஒன்பதாம் இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். தாம் பெற்ற கல்விக்கும் தம்மை வளர்த்தவர்களுக்கும் அறத்துக்கும் கடன்பட்டவர். பதவி உயர்வு எப்போது, தேர்தலில் இடம் கிடைக்குமா என்று கேட்டு வருபவருக்கு, யோகம் இருக்கிறது, கிடைக்கும் என்று மட்டும் சொல்லி, அந்த யோகத்தின் பாதிப் பெயர் தர்மம் என்பதைச் சொல்லாமல் விடும் ஜோதிடர் நூலில் பாதியை மறைத்தவராகிறார். பரிகாரத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதில் காட்டும் அக்கறை இதில் காட்டப்படுவதில்லை.

குருவும் சனியும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடுகின்றனர். அடுத்த கூட்டம் 2040 அக்டோபர் இறுதியில், திருக்கணிதப்படி கன்னி ராசியில் நிகழும். அப்போது பிறக்கும் மேஷ லக்னத்தாருக்கு அது ஆறாம் இடம், மிதுன லக்னத்தாருக்கு நான்காம் இடம். இருவருக்கும் பராசர நூல் எழுதிவைத்த விடை ஒன்றே: சேர்க்கை மட்டும் போதாது.